இரண்டாம் பட்டத்தின் காலத்தில் மழை இல்லை

என் அப்பா ஒரு ஜமீன்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் ஜமீன்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு முன்னறை, ஒரு படுக்கையறை, பின்பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி, இவ்வளவுதான் அரண்மனை. அதில் ஏழாம் பட்டமாகிய அவரும், அவர் மனைவியும், ஒரே மகளான நானும் குடியிருந்தோம். இப்போது இதை எழுதும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுபதுகளின் கடைசியில், எனக்கு இருபத்தைந்து வயது தாண்டிய பிறகும் வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அந்தப் பட்டம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தபோது இவ்வளவு சிரிப்பு வரவில்லை.

பட்டத்தில் மொத்தம் ஐந்து சொற்கள். அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உறவு கொண்டாடிக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள், அப்புறம் அவர்களுக்கு வேறு காபி போட வேண்டும். அப்பா அந்த ஐந்து சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லுவார். சொல்லும்போது குதிகால் தரையிலிருந்து லேசாகத் தூக்கும்.

ஞாயிற்றுக்கிழமை யார் வாசலில் அகப்பட்டாலும் அவர்களுக்குச் சரித்திரம் உண்டு. முதல் பட்டம், வெள்ளம் வந்த ஆற்றில் ராஜாவைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரை சேர்த்தவர். ராஜா சந்தோஷத்தில் ஐந்து சொற்களையும் ஏழரை ஊர்களையும் கொடுத்தார். அரை ஊர் எப்படி என்றால், அந்த ஊரின் மறுபாதி ராஜாவின் மச்சானுக்கு ஏற்கெனவே போய்விட்டது. மூன்றாம் பட்டம் அரண்மனை கட்டினார். நான்காம் பட்டம் கட்டிய அரண்மனையில் மல்யுத்தம் செய்தார். ஐந்தாம் பட்டம் வழக்கு வழக்காக நடத்தி, ஊர்களைத் தோற்று, கடைசியில் அந்த அரை ஊரில் வந்து உட்கார்ந்தார். ஆறாம் பட்டமாகிய என் தாத்தா தலைப்பாகையை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பலேறினார். இங்கே வந்து தண்டவாளத்துக்குக் கல் போட்டார். மின்சார மீட்டர் பார்க்க வந்த மலாய்க்காரருக்குக்கூட அப்பா இதை மலாயில் சொன்னார். அவர் மரியாதையாகக் கேட்டு, தேநீர் குடித்துவிட்டு, தன் கம்பத்து, அதாவது கிராமத்து, ராஜா கதையைப் பதிலுக்குச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் மீட்டர் பார்க்கப்படவில்லை.

இந்தச் சரித்திரத்தில் ஒரு பல் இல்லாததை நான் சின்ன வயதிலேயே கவனித்துவிட்டேன். முதல் பட்டத்திலிருந்து அப்பா நேராக மூன்றாம் பட்டத்துக்குத் தாவுவார். இரண்டாம் பட்டம் என்ன செய்தார் என்று கேட்டால் ஒரே பதில்தான்: அவர் காலத்தில் மழை இல்லை. எத்தனை முறை கேட்டாலும் மழை இல்லை. பத்து வயதில் நான், மழை இல்லாமல் அவர் வாழ்நாள் முழுவதும் சும்மாவா உட்கார்ந்திருந்தார் என்று கேட்டு, தலையில் ஒரு குட்டு வாங்கியிருக்கிறேன்.

பட்டத்துக்குச் சில சட்டங்கள் இருந்தன. அதில் பெரியது தட்டு. பட்டத்துக்காரர் வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு அழைக்காமல் எந்த வீட்டுப் படியும் ஏறமாட்டார். அப்போது எங்கள் வரிசையில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியிடம் மட்டும்தான் டெலிவிஷன். கால்பந்து இறுதி ஆட்டம் என்றால் பையன்கள் அழையாமலே போய்த் தரையில் குந்திக்கொள்வார்கள். அப்பா எங்கள் வேலி ஓரமாக நின்று, அந்த வீட்டு ஜன்னல் வழியாகத் தெரிகிற கால்வாசித் திரையில் ஆட்டம் பார்ப்பார். கோல் விழுவது எப்போதும் தெரியாத முக்கால்வாசியில்தான். அவர் படும் பாட்டைப் பொறுக்க முடியாமல் ஆன்டி என்னிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்கு ஒரு சிவப்புத் தட்டில் நான்கு ஆரஞ்சுப் பழங்களை அடுக்கிக்கொண்டு வந்து நின்றார். வெற்றிலை எங்கே என்று கேட்டு அப்பா மறுத்துவிடுவாரோ என்று நாங்கள் நடுங்கினோம். அவர் ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், வேட்டியை இறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்தது தலைப்பாகை. அரக்கு நிறப் பட்டு, பூச்சி அரித்த ஓட்டைகளோடு, ஒரு பெரிய சதுர பிஸ்கட் டின்னில் நாப்தலின் உருண்டைகளுக்கு நடுவே இருக்கும். பொங்கல், தைப்பூசம், தீபாவளி என்று வருஷத்தில் மூன்று நாள் வெளியே வரும். அம்மாதான் கட்டிவிடுவார். வேறு யாரும் அந்த டின்னைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் திருடன் வந்தால்கூட அதைத் தொடமாட்டான் என்று அம்மா சொல்லுவார், ஆனால் அது வேறு காரணத்துக்காக.

இப்படிப்பட்டவர் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார். சுங்கை பூலோவிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். தங்கமான மனிதர். அப்பா அறைக்குள் நுழைந்தபோது அவர் வீட்டார் எழுந்து நிற்கவில்லை, முடிந்தது கதை. மருத்துவமனையில் வேலை பார்த்த இன்னொருவர் தட்டு இல்லாமல் கேக்கோடு வந்தார். பெட்டாலிங் ஜெயாக்காரர் ஒருவர் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது அப்பாவை அங்கிள் என்று கூப்பிட்டுவிட்டார். கேக் மட்டும் வீட்டுக்குள் வந்தது. நானும் அம்மாவும் சாப்பிட்டோம்.

நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். அதே தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்துக்கொண்ட ஒருவர் கிள்ளானிலிருந்து வந்துபோவார். ஸ்டோர்காரர் என்றே எழுதுகிறேன். பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்தது. இரண்டு வருஷம் பஸ் நிறுத்தத்திலேயே நடந்தது. என் அப்பாவின் ஏழரை ஊர்களை நான் அவருக்குச் சொல்லிச் சிரிப்பேன். பதிலுக்கு அவர், தன் வீட்டில் அதைவிடப் பெரிய கூத்து நடக்கிறது என்றார். ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதன் முதுகில் துண்டைப் போர்த்தி, குடும்பமே எதிரில் நின்று அதைத் திட்டுமாம். முதலில் தாத்தா திட்டினார். இப்போது அப்பா திட்டுகிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், உயரத்திலிருந்து கத்திக் கத்திப் பழகிய குரல், தெருக்கோடி வரை கேட்கும். சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. ஸ்டோர்காரர் மூன்றாம் வகுப்பில் கணக்கில் தோற்றதற்காக அந்த நாற்காலியைத் திட்டியிருக்கிறார்.

நாற்காலியில் இருப்பது யார் என்று கேட்டேன். தாத்தா ரப்பர் தோட்டத்தில் இருந்தவர், அதனால் அந்தக் காலத்து வெள்ளைக்கார மேனேஜராகத்தான் இருக்கும் என்றார். அவருக்கும் சரியாகத் தெரியாது. நான் சிரித்த சிரிப்பில் பஸ் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அன்று வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஒரு நாற்காலியைத் திட்டுகிற வீட்டில் எங்கள் அப்பாவும் சமாளிக்கப்பட்டுவிடுவார் என்று ஒரு கணக்கு.

தை மாதத்தில் பெண் பார்க்க வந்தார்கள். நான் எல்லாவற்றையும் ஸ்டோர்காரருக்குப் பாடம் நடத்தியிருந்தேன். தட்டு வந்தது. வெற்றிலை வந்தது. அப்பா அறைக்குள் நுழைந்ததும் அவரும் அவருடைய அப்பா அம்மாவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் எழுந்து நின்றார்கள். யாரும் யாரையும் அங்கிள் என்று கூப்பிடவில்லை. அப்பாவுக்கு வாயெல்லாம் பல். கதவிடுக்கில் நின்ற எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்பா குதிகால்களைத் தூக்கி ஐந்து சொற்களையும் சொல்லி, சரித்திரத்தைத் தொடங்கினார்.

மாப்பிள்ளையின் அப்பா, அந்தக் கிரேன்காரர், காபி டம்ளரைக் கீழே வைத்தார். அப்படியே வைத்த கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா முதல் பட்டத்தை அக்கரை சேர்த்துவிட்டு மூன்றாம் பட்டத்தின் அரண்மனைக்குள் நுழைந்ததும், அவர் மெதுவாகக் குறுக்கிட்டு, இரண்டாம் பட்டத்தை விட்டுவிட்டீர்களே என்றார். அப்பா வழக்கமான பதிலைச் சொன்னார். அவர் காலத்தில் மழை இல்லை.

"மழை இல்லாமலா கம்மா ஒடைஞ்சிச்சு?" என்றார் கிரேன்காரர்.

அப்பாவின் குதிகால்கள் கீழே இறங்கின. அப்பாவுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

இரண்டாம் பட்டத்தின் சரித்திரத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன், அதுவும் எங்கள் வீட்டு முன்னறையில், வேறொருவர் வாயால். அவர் காலத்தில் மழை கொட்டித் தீர்த்திருக்கிறது. கண்மாய் நிரம்பி வழிகிற நேரத்தில், தன் பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று மடையைத் திறக்கவிடாமல் வைத்திருந்தார் அந்த மனிதர். கரை உடைந்து அந்த அரை ஊர் மூழ்கியது. மடையைக் காத்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடுகிற வீடு ஒன்று அங்கே இருந்தது. அந்த வீட்டுக்காரர் நனைந்த வேட்டியோடு அரண்மனைக்குள் போய், எல்லார் முன்னிலையிலும் ஜமீன்தாரைப் பிடிபிடி என்று பிடித்திருக்கிறார். தலை போகும் என்று ஊரே நடுங்கியது. ஜமீன்தாரோ கடைசி வரை கேட்டார். தலைப்பாகையைக் கழற்றி அந்த ஆளின் கையில் கொடுத்தார். இனி வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டில் நான் இப்படி நின்று கேட்கிறேன், கேட்டால் நீயே இதைக் கட்டிவிடு, கேட்காவிட்டால் கட்டாதே என்றார்.

அதிலிருந்து அதுவே சட்டமானது. பட்டத்துக்காரர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். மடை வீட்டார் திட்ட வேண்டும். உண்மையைத்தான் சொல்லலாம், தாயாரை இழுக்கக்கூடாது. தலைப்பாகை மறுபடி ஏறும் வரை பட்டத்துக்காரர் வாயைத் திறக்கக்கூடாது. திட்டி முடிந்ததும் அவர் வெற்றிலை கொடுப்பார், திட்டியவரே தலைப்பாகையைக் கட்டுவார். அந்தக் கை கட்டாத வருஷத்தில் பட்டம் இல்லை.

"அந்த மடை வீடு நாங்கதான்," என்றார் கிரேன்காரர். "உங்கப்பா இந்தப் பக்கம் வந்துட்டாருன்னு கேள்விப்பட்டு எங்கப்பாவும் பின்னாலயே கப்பல் ஏறுனாரு. கண்டுபிடிக்க முடியல. சாவுற வரைக்கும் நாற்காலியத்தான் திட்டுனாரு."

கதவுக்குப் பின்னால் நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. எதிரே ஸ்டோர்காரர், தன் கணக்குத் தோல்விக்குத் திட்டு வாங்கிய ஆளை நேரில் பார்த்த அதிர்ச்சியில் முறுக்கைக் கடிக்காமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

கிரேன்காரருக்குக் கோபம் ஏதுமில்லை. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார். ஆனால் இரண்டு தலைமுறையாகத் திட்டு வாங்காமல் இருக்கிற வீட்டோடு சம்பந்தம் செய்தால் தன் தகப்பனுக்கு என்ன பதில் சொல்வது? வரும் ஆடிப் பதினெட்டுக்குக் கிள்ளானுக்கு வந்து நின்றால் ஆவணியில் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. அப்பா எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா வந்தவர்களுக்கு முறுக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாசலில் கிரேன்காரர், இப்போது தலைப்பாகையை யார் கட்டுகிறார்கள் என்று கேட்டார். தான்தான் என்று அம்மா சொன்னார்.

"பொண்டாட்டி கட்டுனா செல்லாதுங்களே," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சரித்திரம் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலுக்கு வந்தவர்கள் வந்த வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். பட்டத்து வீட்டுப் பெண் மடை வீட்டுக்குப் போவதா, அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பங்குனியில் ஈப்போவிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது, தட்டோடு. ஏதோ ஒரு பாளையக்காரர் வழியாம். மாப்பிள்ளை படத்தில் மீசை மட்டும்தான் தெரிந்தது. அப்பா ஆடிக்குப் பிறகு நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார்.

நானும் ஸ்டோர்காரரும் வைகாசியில் ரிஜிஸ்டர் செய்துகொண்டோம். இங்கே எல்லாரும் முதலில் ரிஜிஸ்டர், பிறகு கோயிலில் தாலி என்றுதான் செய்வார்கள், ஆனால் அதைப் பெற்றவர்களோடு போய்ச் செய்வார்கள். எங்களுக்குச் சாட்சி, என்னோடு டைப் அடித்த இரண்டு பெண்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு நால்வரும் வெயிலில் நின்று, தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் குடித்தோம். பயமும் சந்தோஷமும் சேர்ந்து எனக்கு விக்கல் எடுத்தது. பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். தாலி ஏறும் வரை அப்படித்தான் என்று நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம்.

சர்டிபிகேட்டை எங்கே வைப்பது? இரண்டு அறை வீட்டில் ஒளிக்க இடம் ஏது. யாரும் தொடாத ஒரே இடம் அந்த டின்தான். தலைப்பாகைக்கு அடியில் விரித்திருந்த பழைய செய்தித்தாளின் கீழே மடித்து வைத்தேன். தீபாவளி வரைக்கும் கவலை இல்லை, அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன். எனக்கே என் புத்திசாலித்தனத்தில் ஒரு பெருமை.

ஆனால் அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது. அம்மாவிடம் ஒருநாள், தான் ஏழாவதே இல்லையாம், ஆறாவதோடு நின்றுவிட்டதாம் என்று குழந்தை மாதிரிச் சொல்லியிருக்கிறார். ஆடி பிறந்ததும் கிரேன்காரருக்கு ஒரு கடிதம் போட்டார். பதினெட்டாம் தேதி வந்து நிற்கிறேன், இது பட்டத்து விவகாரம் மட்டும், கல்யாணப் பேச்சை இதில் கலக்கக்கூடாது. திட்டுவது தங்கள் கடமை, அதை மறுக்க முடியாது, வாருங்கள் என்று பதில் வந்தது. கூடவே ஒரு தட்டும் வந்தது. அன்றிலிருந்து அப்பா டின்னைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க ஆரம்பித்தார். ஒரு வாரம் நான் அந்தச் சர்டிபிகேட்டை எடுக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். அவர் குளிக்கப் போகும்போதும் டின் கூடவே போனது.

ஆடிப் பதினெட்டு அன்று ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். டின் அப்பாவின் மடியில். அப்பா தன் கவலையிலும் எதிர் சீட்டுக்காரர் டிக்கெட் எடுத்திருக்கிறாரா என்று கண்ணாலேயே பரிசோதித்துக்கொண்டு வந்தார்.

கிள்ளான் வீட்டுக் கூடத்தில் அந்த நாற்காலி இருந்தது. சாதாரணப் பிரம்பு நாற்காலி. திட்டு வாங்கி வாங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கு அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தை அப்பா நிற்க ஒதுக்கியிருந்தார்கள். அம்மா உள்ளறையில் டின்னைத் திறந்து தலைப்பாகையை எடுத்தார். செய்தித்தாள் கலைந்தது. அதைச் சரிசெய்யப் போன அம்மாவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. டின்னை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு, தலைப்பாகையை அப்பாவுக்குக் கட்டிவிட்டார்.

அப்பா கூடத்துக்கு வந்து, தானாகத் தலைப்பாகையைக் கழற்றி, வெற்றிலைத் தட்டின் பக்கத்தில் வைத்தார். வழுக்கைத் தலையில் வியர்வை. எதிரில் கிரேன்காரர், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மூச்சை இழுத்து, நெஞ்சை நிமிர்த்தினார். குடும்பமே காதைப் பொத்தத் தயாரானது.

ஒன்றும் வரவில்லை. அவர் மறுபடி மூச்சை இழுத்தார். மறுபடியும் ஒன்றும் வரவில்லை. அப்பாவின் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆறு மாதத்தில் மெலிந்து போயிருந்தார், வேட்டி தளர்ந்து நின்றது. கிரேன்காரர் அந்தக் கால்களைப் பார்த்தார், தன் மனைவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"முடியலம்மா," என்றார். "நாற்காலின்னா திட்டிருவேன். இவரு மனுஷனா நிக்கிறாரு."

அப்பாவின் நிலையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திட்டாவிட்டால் தலைப்பாகை ஏறாது. தலைப்பாகை ஏறாமல் பேசவும் முடியாது. தன்னைத் திட்டச் சொல்லிக் கண்ணாலேயே கெஞ்சினார். கிரேன்காரர் மகனைக் கூப்பிட்டார். ஸ்டோர்காரர் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். சின்னப் பிள்ளைகள்கூடப் பின்வாங்கினார்கள். எண்ணிப் பார்த்தால் அறையில் இத்தனை பேர் இருந்தும் திட்ட ஓர் ஆள் இல்லை.

அப்போது அம்மா, தன் வாழ்நாளில் எந்தச் சபையிலும் வாய் திறக்காத என் அம்மா, உங்கள் வீட்டு ஆள் யார் வேண்டுமானாலும் திட்டலாமா என்று கேட்டார். கிரேன்காரர் ஆமாம் என்றார். மருமகள்கூடவா என்றார் அம்மா. மருமகளும் இந்த வீட்டு ஆள்தானே என்றார் அவர்.

"அப்ப இத கொஞ்சம் படிங்கண்ணே," என்று அம்மா டின்னைத் திறந்து, அந்தக் காகிதத்தை நீட்டினார்.

கிரேன்காரர் படித்தார். மலாயில் இருந்ததை வாய்விட்டு, எழுத்துக் கூட்டி, துறைமுகம் முழுக்கக் கேட்கிற குரலில் படித்தார். என் பெயர் வந்தது. அவர் மகன் பெயர் வந்தது. அப்பாவின் முகம் சிவந்து, கறுத்து, தலைப்பாகையின் அரக்கு நிறத்துக்கு வந்தது. வாய் திறந்தது. கிரேன்காரர் விரலைத் தூக்கினார்.

"பேசக்கூடாது. தலப்பா இன்னும் ஏறல."

அப்பா வாயை மூடிக்கொண்டார். இருநூறு வருஷமோ என்னவோ, அந்தச் சட்டத்தை எழுதிய இரண்டாம் பட்டத்தை அந்த நிமிஷம் நான் மனதாரக் கும்பிட்டேன். பின்னாலிருந்து யாரோ என்னைத் தள்ளினார்கள். அப்பாவுக்கு எதிரே வந்து நின்றேன். சிரிப்பு தொண்டை வரை வந்து முட்டிக்கொண்டிருந்தது. திருப்பி அனுப்பிய மாப்பிள்ளைகள், பத்து வயதில் வாங்கிய குட்டு, வேலி ஓரத்தில் அவருக்காக நான் பட்ட வெட்கம், எல்லாவற்றையும் ஒரு பிடி பிடிப்பது என்றுதான் வாயைத் திறந்தேன். உண்மையைத்தான் சொல்லலாம் என்ற சட்டம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"அப்பா, நீங்க இன்னிக்கு வந்தது எனக்காக இல்ல. தலப்பாவுக்காக வந்திருக்கீங்க. அதுக்காக இத்தன நாளா தூங்காம இருந்தீங்க. நான் தை மாசத்துலேருந்து தூங்கல, அது உங்களுக்குத் தெரியல. கையெழுத்துப் போடுறப்ப எம்பக்கத்துல ஆபீஸ் பிள்ளைங்க ரெண்டு பேருதான் நின்னாங்க. உங்கள கூப்பிடணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? கூப்பிட்டா தட்டு எங்கன்னு கேப்பீங்கன்னு பயந்துட்டேன். பெத்த மக அப்பாவ கூப்பிடப் பயப்படுறா. இது யாரு தப்பு?"

அவ்வளவுதான் சொன்னேன். கிரேன்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதைவிட நன்றாகத் தன் அப்பாகூடத் திட்டியதில்லை என்று யாரிடமோ மெதுவாகச் சொன்னார், அவருடைய மெதுவில்.

அப்பா குனிந்து தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்து என் கையில் வைத்தார். நான் தலைப்பாகையை எடுத்தேன். எனக்கு உயரம் பத்தவில்லை. யாருக்கும் குனியாத மனிதர், முழங்காலை மடக்கி என் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தினார். எனக்குக் கட்டவும் தெரியாது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரு காதை மூடி ஏதோ ஒன்று ஏறியது. ஏழாம் பட்டம், அந்த வருஷத்துக்கு, செல்லும்படியாகக் கட்டப்பட்டது.

இனி அவர் பேசலாம். ஸ்டோர்காரர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா கோணலாக இருந்த தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார், சரிசெய்யவில்லை. வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் எடுத்து, கிரேன்காரரிடம் போய் நீட்டினார். நிச்சயத்துக்குத் தட்டு மாற்றுவதுபோல அவர் அதை வாங்கிக்கொண்டார். குலவை போட யாருக்கும் தோன்றவில்லை, எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"கோயில் கல்யாணத்துக்காச்சும் என்னைக் கூப்பிடும்மா," என்றார். "தட்டு வேணாம். சும்மா கூப்பிட்டாலே வரேன்."